கன்னியம்மாளின் புறங்கை

வளைவில் ஒரு வண்டி புகைந்து நின்றால் கன்னியம்மாள் ஓட்டி வந்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டாள். தண்ணீர்க் குடத்தையும் தொட மாட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக வண்டியின் முன்பக்கம் போவாள். பானெட்டுக்குள் குனிந்து, மேலே இருக்கும் ரப்பர் ஓஸின்மேல் வலது புறங்கையை ஒரு நொடி வைத்து எடுப்பாள். பிறகு அதே கையை இடுக்கில் நுழைத்துக் கீழ் ஓஸின்மேல் வைப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாள்.

மகள் சிவசங்கரி இதை ஏழு வருஷம் பார்த்தாள். பள்ளிச் சீருடையில் நின்று பார்த்தாள், பிறகு திருப்பத்தூர் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் பார்த்தாள். அம்மாவின் வலது புறங்கையில் மூன்று விரல் முட்டிகளின் மேல் தோல் கருத்து, வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. சூடுபட்டுச் சூடுபட்டு ஆன தழும்பு.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறும் சாலையில், ஏற்றம் மூச்சை வாங்குகிற இடத்தில் இருக்கிறது அந்த வளைவு. பழைய வண்டிகள் பத்து ஏறினால் இரண்டு அங்கே கொதித்து நிற்கும். எதிரில் தகரம் போட்ட டீக்கடை கன்னியம்மாளுடையது. கடை ஓரமாக நாலு பிளாஸ்டிக் குடத்தில் சுனைத் தண்ணீர் எப்போதும் நிரம்பியிருக்கும். அதற்குக் காசு கிடையாது. வண்டியை ரிப்பேர் பார்க்கக் கீழேயிருந்து வரும் மெக்கானிக்குகளுக்கு டீயும் இலவசம். டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று, இது ஏன் கொதிக்குது, அது எதுக்கு இருக்குது என்று துளைத்து எடுப்பாள். கையெழுத்துப் போடத் தெரியாதவள், பம்பு எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளும், வால்வு எப்போது திறக்கும் என்பதையெல்லாம் இப்படித்தான் தெரிந்துகொண்டாள். இயற்பியல் படித்துக்கொண்டிருந்த சிவசங்கரி அம்மா சொல்வதில் தப்புக் கண்டுபிடிக்கப் பலமுறை முயன்று தோற்றாள்.

ஒருமுறை பெங்களூரிலிருந்து நாலு இளைஞர்கள் வந்து நின்றார்கள். தண்ணீர் ஊற்றினால் போதும் என்று குடத்தைத் தூக்கிவிட்டார்கள். கன்னியம்மாள் குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "ஃபேன் பெல்ட்டு தொளதொளன்னு இக்குது. ஃபேனே சுத்தல. என் தண்ணிய ஊத்தி நீ இன்னா பண்ணப் போற?" என்றாள். பார்த்தால் அதுதான் சரி.

மலையில் ஜீப் ஓட்டும் பாலமுருகன் அவளைக் கிண்டல் செய்வான். "யக்கா, நீ கைய வச்சா எஞ்சினு உன்னாண்ட பேசுது போல."

"பேச வேண்டியது ஒரே எஞ்சினுதான். அது இன்னும் வரல" என்பாள்.

கேட்டவர்கள் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற புண்ணியவதி என்று கும்பிட்டுவிட்டுப் போகிற யாத்திரைக்காரர்களும் உண்டு. அம்மா எந்த எஞ்சினைச் சொல்கிறாள் என்பது சிவசங்கரிக்குத் தெரியும். வழியில் போகிறவர்கள் மேல் இரக்கப்பட்டுத் திறந்த கடை இல்லை அது.

ஆலங்காயத்தில் கோபால்சாமி என்று ஒரு வியாபாரி. மலையில் விளைகிற புளியையும் சாமையையும் வாங்கிக் கீழே விற்பவர். அவரிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. அதை ஓட்டியவர் கன்னியம்மாளின் கணவர் சடையன். மலைக்காரர்களில் கார் ஓட்டிச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். முதலாளி தைத்துக்கொடுத்த காக்கிச் சட்டையைத் துவைத்துக் கல்லின்மேல் காயப்போடும்போது, கன்னியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆடு மிதிக்காமல் காவல் காப்பாளாம்.

சிவசங்கரிக்குப் பத்து வயதான வருஷம், புளி அறுவடை சமயத்தில் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. சடையன் மூன்று தடவை சொன்னார். சீசன் முடியட்டும் என்று மூன்று தடவையும் பதில் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் மலையில் மூட்டைகளை ஏற்றி இறக்கிவிட்டு வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுத் தூங்கினார். மறுநாள் மலையில் சந்தை. காலையில் கீழே இறங்கிப் போய் முதலாளியை ஏற்றிக்கொண்டு திரும்ப மேலே வந்தார். இறங்கும்போது வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏறும்போது இந்த வளைவில் புகை கிளம்பியது. சடையன் நிறுத்துவதற்குள் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது.

ஒரு ஜீப்பில் கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். அங்கே, புளி நிறுக்கிற இடத்தில், மலையே கூடியிருக்கும்போது கோபால்சாமி சடையனின் சட்டைக் காலரைப் பிடித்தார். "தண்ணி பாக்காம ஓட்டிட்டு வந்திருக்கான். மாடு ஓட்டுறவன் கையில காரக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். கழட்றா என் சட்டைய."

சடையன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "தண்ணி இருந்துச்சிங்க." அப்புறம் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். சாமை கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்த கன்னியம்மாள் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தாள்.

அதற்கப்புறம் யாரும் அவரிடம் சாவி கொடுக்கவில்லை. காபித் தோட்ட வேலைக்குக் கர்நாடகம் போனார். வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். வந்தால் களி சாப்பிட மாட்டார். மலையில் ஒரு மனிதன் கேழ்வரகுக் களி வேண்டாமென்றால் அது சாதாரண விஷயம் இல்லை. ரேஷன் அரிசியில் கொஞ்சம் வடித்துக் கொடு என்பார். அவமானத்தில் மனிதருக்கு வயிறே செத்துவிட்டது என்று கன்னியம்மாள் அதையும் கோபால்சாமியின் தலையில்தான் போட்டாள். மூன்றாவது வருஷம் தோட்டத்தில் நிழல்மரக் கிளைகளைக் கழிக்கும்போது ஒன்று முறிந்து விழுந்து சடையன் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்த அடுத்த வாரமே கன்னியம்மாள் அந்த வளைவில் நாலு குச்சி நட்டுத் தகரம் போட்டாள். பஸ் நிற்கிற இடத்தில் கடை போடச் சொன்னார்கள். கேட்கவில்லை. எஞ்சின் போன அம்பாசிடரை விற்காமல் கோபால்சாமி கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். "என்னிக்காச்சும் அது இந்த ஏத்தத்துல ஏறும். ஏறுனா இங்கதான் நிக்கும். நின்னா என் கைதான் பாக்கணும்" என்று மகளிடம் சொன்னாள். பதின்மூன்று வயதில் சிவசங்கரிக்கு அது ஒரு சாமி கதை மாதிரி இருந்தது. வளர வளர, தானும் ஒவ்வொரு வெள்ளைக் காரையும் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தாள். படித்தவள் இப்படி இருக்கலாமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். கேட்டுவிட்டு அடுத்த வெள்ளைக் காரைப் பார்ப்பாள்.

சிவசங்கரி கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடித்து வீட்டில் இருந்த சமயம். சந்தை நாள். பாலமுருகன் ஜீப் நிறைய ஆட்களோடு வந்து டீக்கு நிறுத்தியிருந்தான். கீழே ஏற்றத்தில் ஒரு டீசல் எஞ்சின் இருமிக்கொண்டு வருகிற சத்தம். டீ ஆற்றிக்கொண்டிருந்த கன்னியம்மாளின் கை அப்படியே நின்றது.

புதிதாக வெள்ளை அடித்த அம்பாசிடர் வளைவில் திரும்பி, நாலு முழம் வந்து, புஸ்ஸென்று நின்றது. கோபால்சாமிதான் ஓட்டி வந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் டிரைவரே வைத்துக்கொள்ளவில்லை, மலைக்கும் ஆட்களை அனுப்பித்தான் புளி வாங்கினார். தலை நரைத்து, தொப்பை வைத்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இறங்கினார். பின் சீட்டில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள். மகள் கல்யாணத்துக்காக வண்டியைத் தூசி தட்டி, எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து, மலையில் புளி கொடுக்கிற வீடுகளுக்குப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறார். கடைக்காரி யாரென்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னாம்மா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

கன்னியம்மாள் நேராக வண்டியின் முன்னால் போனாள். பானெட்டைத் தூக்கச் சொன்னாள். மேல் ஓஸில் புறங்கை வைத்து வெடுக்கென்று எடுத்தாள். கீழ் ஓஸில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. அவ்வளவு சில்லென்று இருந்தது அது. பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜீப்பிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு அந்தச் சந்தை நாள் நினைவிருந்தது.

ஆறட்டும் என்று சொல்லி அரைமணி நேரம் அவரை வெயிலில் நிறுத்தி வைத்தாள். பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது, உட்காரச் சொல்லவில்லை. அந்த அரைமணி நேரத்தில் கூட்டத்தின் முகங்களைப் பார்த்துப் பார்த்து, இவள் யாரென்று அவருக்கே பிடிபட்டுவிட்டது. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூடியத் தொறக்கணும். துணி வேணும்" என்றாள் கன்னியம்மாள்.

பெஞ்சுக்கு அடியில் அதற்கென்றே மடித்து வைத்த கோணி இருந்தது. சிவசங்கரி அதை எடுக்க எழுந்தாள். அம்மா பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தாள்.

"துணி இல்லீங்க மொதலாளி. சட்டையக் கழட்டிக் குடுங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கோபால்சாமி வண்டியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். பாலமுருகன் அவருடைய கண்ணில் படாமல் இருக்க டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். தனக்கு அந்த நேரம் வயிற்றுக்குள் ஏதோ இனித்தது என்று சிவசங்கரிக்கு ஞாபகம் இருக்கிறது. பின்னாளில் அதற்காக அவள் எத்தனையோ முறை கூசினாள். ஆனால் இனித்தது.

கன்னியம்மாள் அந்தச் சட்டையைச் சுருட்டி மூடியின்மேல் போட்டு அரைத் திருகு திருகினாள். மிச்சமிருந்த ஆவி சீறி, காவித் தண்ணீர் சட்டை முழுக்க இறங்கியது. சட்டையை மண்ணில் போட்டாள்.

"காலையில தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன்."

"வழியில பாத்தீங்களா?"

"அடிவாரத்துல நிறுத்திப் பாத்தேம்மா. ரொம்பித்தான் இருந்துச்சு."

"தண்ணி இருந்துச்சிங்களா?"

அந்த வார்த்தை எங்கேயிருந்து வருகிறது என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

குடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்பிவிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். மூடியில்லாத வாயில் தண்ணீர் குமுறி மேலே பொங்கியது. கூட்டத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பம்பு வேலை செய்கிறது, அதனால்தான் பொங்குகிறது. எஞ்சினிலிருந்து தண்ணீரை வெளியே விடுகிற வால்வு சாத்திக்கொண்டிருந்தால் மேல் ஓஸும் சில்லென்று இருக்க வேண்டும், அது சுடுகிறது. மேலே வந்த தண்ணீர் கீழே இறங்கவில்லை, அதனால்தான் கீழ் ஓஸ் சில்லென்று இருந்தது. ரேடியேட்டர் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது. ஊற்றின தண்ணீர் இருந்துகொண்டே எஞ்சின் வேகும். ஓட்டுகிறவன் பத்துத் தடவை மூடியைத் திறந்து பார்த்தாலும் தண்ணீர் ததும்பித்தான் நிற்கும்.

"இப்ப நீங்களே ஓட்டுனீங்க. உங்களுக்கு மாடு ஓட்டத் தெரியுமா, கார் ஓட்டத் தெரியுமா?"

இப்படியொரு கேள்வியை அம்மா எத்தனை வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தாள் என்று சிவசங்கரி நினைத்தாள்.

அடைப்பைக் கண்ணால் காட்டிவிட்டால் கதை முடிந்தது. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பொங்கின தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துவிட்டு, வளைத்து வைத்திருந்த சைக்கிள் ஸ்போக் கம்பியை ரேடியேட்டர் வாய்க்குள் விட்டுச் சுரண்டினாள். கெட்டியாக ஏதோ பெயர்ந்து கம்பியோடு வந்தது. கொட்டைப்பாக்கு அளவு, கறுப்பும் காவியுமாக ஒரு கட்டி. எல்லாருக்கும் காட்ட அதை உயர்த்தப் போனவள், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் ஓரத்தைத் தேய்த்தாள். இன்னொரு தடவை தேய்த்தாள். மூக்கருகே கொண்டு போனாள்.

கை இறங்கிவிட்டது. கட்டி முந்தானைச் சொருகலுக்குள் போனது. இதை அவளுக்குப் பின்னால் நின்ற சிவசங்கரி மட்டும் பார்த்தாள்.

"இன்னாக்கா அது?" என்றான் பாலமுருகன்.

"துரு" என்றாள் கன்னியம்மாள். குரல் கம்மியிருந்தது. அடுத்த நிமிஷம் முன்னைவிடக் கடுமையாகக் கிளம்பியது. "ரேடியேட்டரு ஒழுவுதுன்னு அந்த மனுசன் மூணு தடவ சொன்னாரு. நீங்க பாக்கல. இப்பவும் வெளியில பெயின்ட்டு அடிச்சீங்க, உள்ள பாக்கல. யாரு மேல தப்பு?"

கோபால்சாமி வெறும் பனியனோடு நின்றிருந்தார். "சடையன் மேல தப்பில்லம்மா. நான்தான் பாக்காம வுட்டுட்டேன்" என்றார்.

"இங்க சொன்னா எப்படி? சந்தையில சொல்லுங்க."

கம்பியால் குத்திக் குத்திப் பாதி அடைப்பைத் திறந்துவிட்டாள். வண்டி மெதுவாக ஏறுகிற அளவுக்குத் தண்ணீர் இறங்கியது. முன்சீட்டில் அவளே ஏறி உட்கார்ந்தாள். சிவசங்கரி பின்னால் பத்திரிகைக் கட்டுகளோடு உட்கார்ந்தாள். பின்னாலேயே ஜீப் வந்தது. சந்தையில் புளி நிறுக்கிற அதே இடத்தில், பனியனோடு நின்று, பத்து வருஷத்துக்கு முன்னால் தான் செய்தது தப்பு, சடையன் நல்ல டிரைவர் என்று கோபால்சாமி சொன்னார். கிழவர்கள் உச்சுக்கொட்டினார்கள். யாரோ அவருக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். கன்னியம்மாள் அப்போது அவரைப் பார்க்கவே இல்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுப்பு என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் துவைக்கப் புடவையை உதறியபோது அந்தக் கட்டி கீழே விழுந்தது. துருவென்றால் இவ்வளவு லேசாக இருக்குமா? சிவசங்கரி அதில் ஒரு துண்டைக் கிள்ளி வெந்நீரில் போட்டாள். ஊறி, கரைந்து, அடியில் சின்னச் சின்னதாகச் செந்தவிடு தங்கியது. மலையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். கேழ்வரகு.

அவளுக்கு அந்தக் காலை முழுசாக ஞாபகம் வந்தது. அப்போது பத்து வயது. வாசலில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். ஒழுகுகிற ரேடியேட்டருக்கு என்ன செய்வது என்று அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மலையில் புது மண்சட்டி வாங்கினால் முதலில் அதில் கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சுவார்கள். மாவு வெந்து சட்டியின் பொடி ஓட்டைகளில் ஏறி அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஒழுகாது. "சட்டிக்கு ஆவுறது இதுக்கு ஆவாதா?" என்று சொல்லி, மாவு டின்னுக்குள் கைவிட்டு இரண்டு பிடி அள்ளிக் கொடுத்தது கன்னியம்மாள்தான். ஒழுகல் நின்றுவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். கீழே இறங்குகிற வரை மாவு மாவாக இருந்தது. ஏறுகிற சூட்டில் அது களியாகி ரேடியேட்டரை அடைத்தது.

சட்டையைக் கழற்றச் சொன்னபோது அப்பா அதைச் சொல்லவில்லை. அடைத்தது மாவுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. களியை ஏன் ஒதுக்கினார் என்று இப்போது சிவசங்கரிக்குப் புரிந்தது. அவர் ஒதுக்கியதை அம்மாவும் இப்போது புரிந்துகொண்டிருப்பாள்.

கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் நின்றாள். கன்னியம்மாள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பை ஊதினாள்.

"இன்னா இப்ப? உங்கப்பன் கழட்டுன மாதிரி அவரும் கழட்டுனாரு இல்ல?"

"அவருகிட்ட சொல்ல வேணாமா?"

"அவரு ரிப்பேர் பண்ணியிருந்தா நான் ஏன் மாவு குடுக்கப் போறேன்?" என்றாள். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. எவ்வளவு குறைகிறது என்று சிவசங்கரியால் சொல்ல முடியவில்லை.

அதோடு அந்தப் பழக்கம் நின்றது. அதன் பிறகு எந்த வண்டி நின்றாலும் கன்னியம்மாள் ஓஸைத் தொடவில்லை. குடத்தைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். காரணம் கேட்கும் ஓட்டுநர்களை மெக்கானிக்கிடம் அனுப்பினாள்.

மூன்றாவது மாதம் ஒரு லாரி வந்து வளைவில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை இறக்கியது. கோபால்சாமி அனுப்பியது. சுனையிலிருந்து குழாய் இழுக்கவும் ஆள் வந்தது. தொட்டியின் மேல் 'சடையன் ஓட்டுநர் நினைவாக' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. அவர் பத்திரிகை வைத்த கல்யாணத்துக்குக் கன்னியம்மாள் போகவில்லை. தொட்டியைத் திருப்பி அனுப்பவும் இல்லை. வருகிற வண்டிகளெல்லாம் அதில் தண்ணீர் பிடித்தன. அவள் மட்டும் தான் குடிக்கிற தண்ணீரை முன்போலவே சுனைக்கு நடந்துபோய்க் குடத்தில் கொண்டுவந்தாள். இரண்டு வருஷம், ஒரு நாள்கூட அந்தக் குழாயில் வாய் வைக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சாய்ந்தபோது, பாலமுருகன் பதறிப்போய்த் தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள் என்று பிறகு சொன்னான். வலியினால் என்று அவன் நினைத்தான்.

கன்னியம்மாளின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோபால்சாமி மாலையோடு வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு சிவசங்கரியிடம் வந்து, வேலை ஏதும் கிடைத்ததா, தேர்வு எழுதுகிறாயா என்று விசாரித்தார். வண்டியை விற்கப் போவதாகச் சொன்னார்.

"வாங்குறவன் மெக்கானிக்கோட வந்தான். உள்ள இன்னமும் என்னமோ ஒட்டினு இக்குது, துரு இல்ல, இன்னான்னே புரியலன்னு சொல்றாங்க. அன்னிக்கு உங்கம்மா எடுத்தாங்களே, அது இன்னாம்மா?"

கட்டி வீட்டுக்குள் கடுகு டப்பாவில், கடுகுக்கு அடியில் இருந்தது. அம்மா போட்டு வைத்த இடம் அது, சிவசங்கரி எடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மனிதர் பனியனோடு நின்று இழந்த மானத்தில் பாதியாவது அவருக்குத் திரும்பிப் போய்விடும். சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, சந்தையில் அப்பா ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றியதை இந்த மனிதர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தப்பு என்றார், நல்ல டிரைவர் என்றார். சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அம்மாவுக்குத்தாங்க தெரியும்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாலைக்கு நடந்தார். பஸ் வரும்வரை தொட்டியருகே நின்று, குழாயைத் திறந்து கை நிறையத் தண்ணீர் பிடித்து, சடையன் பெயரின்மேல் படிந்திருந்த புழுதியைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.